நேற்று மட்டும் இனிப்பைத் தொடாதவர்கள்

சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கக் கையை நீட்டும்போதே பலர் சொல்லிவிடுவார்கள்: “ரெண்டு நாளா ஸ்வீட்டே தொடலைம்மா.” சிலர் இன்னும் ஒரு படி மேலே. முந்தின நாள் மதியத்தோடு சாப்பாட்டை நிறுத்தியிருப்பார்கள். நாலைந்து பஸ் ஸ்டாப் தூரத்தை வேகவேகமாக நடந்தே வந்ததாக மூச்சு வாங்கிக்கொண்டு சொன்ன பெரியவர் ஒருவர் உண்டு. பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி விழுந்து விழுந்து படிக்கிற கதைதான். எனக்குச் சிரிப்பு வரும், ஆனால் சிரிக்க மாட்டேன். பயத்தில் செய்கிறார்கள்.

நான் பல வருடங்களாக லேபில் வேலை பார்க்கிறவள். நம்பரைச் சரியாக எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை, அதற்கு அர்த்தம் சொல்வது டாக்டர் வேலை. “இது ஜாஸ்தியா சிஸ்டர்?” என்று கவுண்டரில் யாராவது கேட்டால், “டாக்டர்கிட்ட காட்டுங்க” என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூடிக்கொள்ளவும் செய்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் நாக்கு நுனியில் நிற்கிற விஷயங்கள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு டாக்டரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள், அது வேறு.

முதலில் அந்த இரண்டு நாள் பத்தியம். வெறும் வயிற்று டெஸ்டில் அது கொஞ்சம் எடுபடலாம். ஆனால் கூடவே எச்பிஏ1சி, சுருக்கமாக ஏ1சி, என்ற டெஸ்டையும் எழுதியிருந்தால் எடுபடாது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு அதிகமாக ஓடுகிறதோ அந்த அளவுக்குச் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ஒட்டியதுதான், அந்த அணு சாகும்வரை விடாது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே ஏ1சி சொல்வது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி. அதிலும் கடைசி ஒரு மாதத்துக்குத்தான் கனம் அதிகம், கிட்டத்தட்ட பாதி. 1968ல் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பார் என்ற ஆய்வாளர், சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் மட்டும் ஹீமோகுளோபினின் ஒரு வகை கூடுதலாகத் தெரிவதைக் கவனித்தார். இன்று உலகம் முழுக்க எங்களைப் போன்றவர்கள் தினமும் அளப்பது அதைத்தான். எங்கள் மெஷினுக்குப் பக்கத்தில் ஒருவர் படத்தை மாட்டலாம் என்றால் நான் அவர் படத்தைத்தான் மாட்டுவேன்.

குளுக்கோஸ் குடித்துப் பார்க்கிற டெஸ்டில் இந்தப் பத்தியம் நேர் எதிராகவே வேலை செய்யும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் உட்கார வேண்டிய டெஸ்ட் அது. அதற்கு முந்தைய மூன்று நாளும் மாவுச்சத்தைக் குறைக்காமல் வழக்கம்போலச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது விதி. அதைக் குறைத்துவிட்டு வந்தால், மாவுச்சத்தைச் சமாளிக்கிற பழக்கம் உடம்புக்குத் தற்காலிகமாகக் குறைந்திருக்கும். திடீரென்று 75 கிராமை உள்ளே தள்ளும்போது நம்பர் எகிறும். நல்ல பேர் வாங்கப் போய் கெட்ட பேர் வாங்கிக்கொண்டு போவார்கள். இதை முன்கூட்டியே யாரும் அவர்களிடம் சொல்வதில்லை என்பது என் நீண்ட நாள் ஆதங்கம். “வெறும் வயித்துல வாங்க” என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

வெறும் வயிறு என்றால் குறைந்தது எட்டு மணி நேரம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடித்தால் எனக்கும் நரம்பு சுலபமாகக் கிடைக்கும். சர்க்கரை போடாத காபிதானே என்று குடித்துவிட்டு வராதீர்கள், அதுவும் கணக்கில் சேரும். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருவதா, ரத்தம் கொடுத்த பிறகு போடுவதா என்பதை டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எங்கள் பக்கத்து விஷயம். சர்க்கரைக்கு எடுக்கும் ரத்தம் சாம்பல் நிற மூடி போட்ட டியூபில் போகும். சர்க்கரை குறையாமல் பிடித்துவைக்க உள்ளே ஃப்ளூரைடு இருக்கும். சாதாரண டியூபில் எடுத்து அப்படியே மேஜையில் விட்டால், ரத்த அணுக்கள் அந்தச் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். வெறும் வயிற்றில் 126 வந்தாலே நோய் என்பது கணக்கு. 128 என்று வர வேண்டியவர் இரண்டு மணி நேரத் தாமதத்தில் 112, 115 என்று வந்துவிடுவார். அதாவது நோயாளி, ‘எல்லைக்கோட்டில் இருப்பவர்’ ஆகிவிடுவார். ஃப்ளூரைடு இருந்தாலும் முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும், அது உடனே வேலையைத் தொடங்காது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகிற வசதி இப்போது எல்லா இடத்திலும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் உங்கள் வீட்டில் எடுத்த டியூப் இன்னும் பத்து வீடு சுற்றிவிட்டு லேபுக்குப் போகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. எங்களுக்குக் கோபம் வராது. வந்தாலும் பரவாயில்லை.

ஏ1சிக்குப் போகும் ரத்தம் ஊதா மூடி டியூப். அதற்கு இந்தத் தாமதப் பிரச்சினை கிடையாது, சாப்பிட்டுவிட்டும் வரலாம். அதனால் எல்லோருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. ஆனால் அதற்கும் கண் தெரியாத இடங்கள் உண்டு. இரும்புச்சத்து குறைவாக இருந்தால் ஏ1சி கொஞ்சம் கூடிக் காட்டலாம். சமீபத்தில் ரத்த இழப்பு, ரத்தம் ஏற்றியது, சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைகிற நோய், டயாலிசிஸ் இதெல்லாம் இருந்தால் குறைத்துக் காட்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கும் ஏ1சிக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், உடனே லேபைத் திட்டாதீர்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள்.

சரி, என் அண்ணன் கதைக்கு வருகிறேன். சொல்லலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுது, ஆனா என் தொப்பையைப் பத்தி எழுதாதே” என்றான். தொப்பையைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது.

நாற்பதைத் தாண்டியவன். கையும் காலும் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. இத்தனையும் வைத்துக்கொண்டு, டெஸ்ட் பண்ணிக்கொள் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவனிடம் ஒரே பதில்தான்: “தாகம் எடுக்கலை, ராத்திரி எழுந்திருக்கலை, எடை குறையலை. எனக்கு எங்கேடி சுகர்?”

இங்கேதான் எல்லோரும் ஏமாந்து போகிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டும்போதுதான் சிறுநீரகத்தால் பிடித்துவைக்க முடியாமல் அது சிறுநீரில் இறங்கும். சர்க்கரை இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர், அதனால்தான் தாகம். ஆக, அறிகுறி என்று நாம் காத்திருப்பதே 180க்கு மேலே நடக்கிற சமாச்சாரம். வெறும் வயிற்றில் 126 வந்தாலே சர்க்கரை நோய் என்கிறபோது, நடுவில் எத்தனை வருடம் சத்தமில்லாமல் ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், புதிதாகச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அன்றைக்கே கண்ணிலோ நரம்பிலோ வேறெங்கோ பாதிப்பின் தடயம் இருந்தது. உலகத்தில் இந்த நோயோடு இருக்கும் பெரியவர்கள் 2024 கணக்குப்படி சுமார் 58.9 கோடி. அதில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் தங்களுக்கு இருப்பதே தெரியாது. அந்த நாலு பேரும் என் அண்ணன் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் அவன் வந்தது என் பேச்சைக் கேட்டு இல்லை. அலுவலகத்தில் இன்சூரன்சுக்காக எடுக்கச் சொன்னார்கள், வந்தான். வெறும் வயிற்றில் 112. ஏ1சி 6.1.

இந்த நம்பர்களை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 100 முதல் 125 வரை எல்லைக்கோட்டுப் பகுதி, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. உலக சுகாதார நிறுவனம் இதையே 110லிருந்து தொடங்குகிறது. 126ம் அதற்கு மேலும் போனால் நோய். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததில் 140 முதல் 199 வரை எல்லைக்கோடு, 200 என்றால் நோய். ஏ1சியில் 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 என்றால் நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு நம்பரை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள், இன்னொரு டெஸ்டும் அதையே சொல்ல வேண்டும். சில நாடுகளில் ரத்தச் சர்க்கரையையே வேறு அளவில் 5.6, 7.0 என்று ரிப்போர்ட் போடுவார்கள், இது ஏ1சி இல்லை. அதை 18ஆல் பெருக்கினால் நான் சொல்கிற அளவு கிடைக்கும்.

யார் எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டால், 35 வயதானவர்கள் எல்லோரும். அமெரிக்க சர்க்கரை நோய்ச் சங்கத்தின் வழிகாட்டுதல் அதுதான். எடை கூடுதலாக இருந்து, பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ சர்க்கரை இருந்தால், ரத்த அழுத்தம் இருந்தால், அதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஆசிய வம்சாவளியினருக்கு எடைக் கணக்கே வேறு. உயரத்தோடு எடையை ஒப்பிடுகிற பிஎம்ஐ கணக்கில் மற்றவர்களுக்கு 25 எல்லை என்றால் நமக்கு 23. பார்வைக்கு ஒல்லியாக இருப்பவருக்கும் வயிற்றுக்குள்ளே, ஈரலைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். அண்ணன் தொப்பை மேட்டர் இதுதான். எல்லாம் நன்றாக வந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். எல்லைக்கோட்டில் வந்தால் வருடா வருடம்.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “இப்போ நான் என்னத்தைத்தான் சாப்பிடுறது?” அண்ணி அடுத்த நாளே சர்க்கரை டப்பாவை மேல் பரணுக்கு ஏற்றிவிட்டாள். அதுவரை சரி. அடுத்து, டீயில் தேன். பிஸ்கட்டுக்குப் பதில் ‘டயாபடிக்’ பிஸ்கட். காலையில் ஒரு பெரிய டம்ளர் பழச்சாறு, உடம்புக்கு நல்லதாம்.

எனக்குத் தாங்கவில்லை. தேனும் சர்க்கரைதான். பழச்சாறு இருக்கிறதே, அதில் சர்க்கரையே சேர்க்காவிட்டாலும் 200 மில்லி ஆப்பிள் ஜூஸில் இருபது கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். உலக சுகாதார நிறுவனம் தேனையும் பழச்சாற்றையும் சேர்த்தேதான் கூடுதல் சர்க்கரைக் கணக்கில் வைக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. ஒரு டம்ளர் ஜூஸிலேயே கணக்கு முடிந்துவிட்டது. அதே பழத்தை முழுசாகக் கடித்துச் சாப்பிட்டால் நார்ச்சத்தோடு மெல்ல இறங்கும், ஒன்றுக்கு மேல் சாப்பிடவும் முடியாது. மூன்று பழத்தைப் பிழிந்து குடிக்க அரை நிமிடம் போதும். டயாபடிக் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பின்னால் படிக்கச் சொன்னேன். சர்க்கரை இல்லை, சரி. மாவும் கொழுப்பும் மற்ற பிஸ்கட் அளவுக்கே இருந்தது. “பேரைப் பார்த்து வாங்கிட்டேன்” என்றாள் அண்ணி. பேரைப் போட்டவன் அதற்காகத்தான் போட்டிருக்கிறான்.

தட்டைப் பற்றி நான் சொன்னது ஒன்றே ஒன்று. பாதித் தட்டு காய்கறி, கீரை. உருளைக்கிழங்கு அந்தப் பாதியில் சேராது. கால் தட்டு பருப்போ பயறோ முட்டையோ மீனோ கோழியோ. மீதிக் கால் தட்டில்தான் அரிசியோ ரொட்டியோ எதுவாக இருந்தாலும். எடை போட வேண்டாம், கலோரி எண்ண வேண்டாம். தட்டின் அளவை மட்டும் மாற்றாதீர்கள் என்றேன். ஏனென்றால் எனக்கு அண்ணனைத் தெரியும், அடுத்த வாரம் பெரிய தட்டு வாங்கிவிடுவான்.

அரிசியைவிடக் கோதுமை நல்லதா என்று கேட்காத ஆள் இல்லை. ரெண்டும் மாவுச்சத்துதான். தீட்டாதது, தவிடு போகாதது எதுவோ அது கொஞ்சம் மெதுவாகச் சர்க்கரையை ஏற்றும். ஆனால் ‘இது நல்லது’ என்று கேள்விப்பட்டதும் இரண்டு மடங்கு சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவுதான் முதல். வகை அப்புறம்.

சாப்பிடுகிற வரிசையும் கொஞ்சம் உதவும். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுப் பண்டத்துக்குக் கடைசியில் வந்தால், சாப்பிட்ட பிறகு ஏறுகிற உச்சம் குறைகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லோருக்கும் இது ஒத்துவராது. கலந்து சாப்பிட்டே பழகியவர்களிடம் தனித்தனியாகச் சாப்பிடு என்றால் சண்டைதான் வரும். அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். சமையல் முடிவதற்குள் அடுப்படியில் நின்றபடியே ஒரு கிண்ணம் காயைத் தின்றுவிடுவான். “நான் செய்யச் செய்ய காலி பண்றார்” என்று அண்ணி புகார் சொன்னபோது நான் வாயே திறக்கவில்லை.

சாப்பிட்டதும் நடப்பது, இதில் எனக்கு முழு நம்பிக்கை. தசை வேலை செய்யும்போது இன்சுலின் கையை எதிர்பார்க்காமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டு அப்படியே சாய்கிறவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

அவனுக்கு இதையெல்லாம் நம்ப வைத்தது என் பிரசங்கம் இல்லை, குளுக்கோமீட்டர். எல்லைக்கோட்டில் இருக்கிறவர் தினமும் விரலைக் குத்திக்கொள்ள வேண்டிய அவசியம் கிடையாது, பெரும்பாலான டாக்டர்கள் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் கொஞ்ச நாள் ஒரு சோதனையாக, சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். காலைச் சாப்பாட்டோடு ஜூஸ் குடித்த நாளும் குடிக்காத நாளும் பக்கத்தில் பக்கத்தில் நோட்டில் ஏறின. அதைப் பார்த்த பிறகு அந்த ஜூஸ் டம்ளர் வீட்டில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பயன்படுகிறது.

ஒரு நாள் மாலை பதறிப்போய் போன் செய்தான். “சாப்பிடவே இல்லை, 214 காட்டுது!” என்ன செய்துகொண்டிருந்தாய் என்றேன். குழந்தைகளுக்குப் பழம் நறுக்கிக் கொடுத்தானாம். கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து மறுபடி பார் என்றேன். 103. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறு அந்தத் துளி ரத்தத்தில் கலந்து செய்த வேலை. சானிடைசரை மட்டும் தடவினால் அந்தச் சர்க்கரை முழுசாகப் போகாது. கழுவ வழியில்லை என்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை வையுங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாதீர்கள், அங்கேதான் வலி அதிகம். நகத்துக்குப் பக்கவாட்டில் குத்துங்கள். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிசைந்து எடுக்காதீர்கள். கையைக் கீழே தொங்கவிட்டுச் சற்று உதறினாலே வரும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைக்காதீர்கள், ஈரம் பட்டால் அது பொய் சொல்லும்.

நல்ல மீட்டருக்கே லேப் அளவோடு 15 சதவீதம் வரை முன்னே பின்னே போக அனுமதி உண்டு. 150 என்று மீட்டர் காட்டினால் அது 130ஆகவும் இருக்கலாம், 170ஆகவும் இருக்கலாம். ஒரே நிமிடத்தில் இரண்டு தடவை குத்தி, 142க்கும் 149க்கும் சண்டை போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இதெல்லாம் உண்மையில் பலன் தருமா, இல்லை சும்மா மனத் திருப்திக்கா என்று அண்ணனே ஒருமுறை கேட்டான். நியாயமான கேள்வி. சீனாவில் டாச்சிங் என்ற நகரத்தில் 1986ல் ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். 33 மருத்துவ நிலையங்கள், எல்லைக்கோட்டில் இருந்த 577 பேர். உணவு, உடற்பயிற்சி, இரண்டும் சேர்த்து என்று ஆறு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். முப்பது வருடம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தபோது, அந்த ஆறு வருடப் பயிற்சி கிடைத்தவர்களுக்கு நோய் சராசரியாக ஏறத்தாழ நான்கு வருடம் தள்ளி வந்திருந்தது. இதய நோயும் பக்கவாதமும் குறைவாக இருந்தன. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002ல் வந்தது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது, இவ்வளவுதான் இலக்கு. சும்மா விடப்பட்டவர்களோடு ஒப்பிட்டால் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை போட்டவர்களுக்கு 31 சதவீதம். 60 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் நடையும் உணவும் எல்லோரையும்விட அதிகப் பலன் தந்தது. ‘இந்த வயசுல இனிமே என்ன’ என்று சொல்கிற பெரியவர்களிடம் இதை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

7 சதவீதம் என்பது 80 கிலோ ஆளுக்கு ஐந்தரை கிலோ. மெலிந்து துரும்பாக வேண்டியதில்லை. அண்ணனுக்கு அந்த ஐந்தரை கிலோ குறைய ஒரு வருடத்துக்கும் மேல் பிடித்தது. நடுவில் ஒரு கல்யாண சீசனில் இரண்டு கிலோ திரும்பியும் வந்தது. இப்போது ஏ1சி 5.8. இன்னும் எல்லைக்கோட்டுக்குள்தான் இருக்கிறான். ஆனால் மேலே போகவில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஏற்கெனவே நோய் வந்துவிட்டவர்களுக்கு வேறு கணக்கு. அவர்களிடம் எனக்கு இருக்கிற பெரிய கவலை, நம்பர் நன்றாக வந்ததும் மாத்திரையை நிறுத்துவது. “6.6 வந்துருச்சு, குணமாயிடுச்சு, நிறுத்திட்டேன்” என்பார்கள். மாத்திரையும் சேர்ந்துதான் அந்த 6.6ஐக் கொண்டுவந்தது. மாத்திரை இல்லாமல் கட்டுக்குள் வருவது நடக்காத காரியம் என்று சொல்லவில்லை. பிரிட்டனில் 2017ல் வெளியான ஒரு ஆய்வில், நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்கு சுமார் 850 கலோரி மட்டுமே தரும் திரவ உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலேயே நோயின் எல்லைக்குக் கீழே வந்திருந்தார்கள். ஆனால் அது டாக்டர் மேற்பார்வையில் நடந்தது. நம்மாட்கள் வாட்ஸப்பில் வந்த கஷாயத்தை நம்பி நிறுத்துகிறார்கள்.

இன்சுலினோ, கணையத்தைத் தூண்டுகிற சில வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடப்பது இன்னும் ஆபத்து. எங்கள் லேபிலேயே, காத்திருக்கும் நாற்காலியில் ஒரு அம்மா வியர்த்து, கை நடுங்கி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார். மீட்டரில் 52. 70க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நாலு டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். சாக்லேட் கொடுக்காதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கிவிடும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். அந்த அம்மா அரை மணி நேரத்தில் தெளிந்து, “எல்லாரையும் தொந்தரவு பண்ணிட்டேன்” என்றார்.

சர்க்கரை நம்பரை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே கண்ணின் விழித்திரையைப் பார்க்க வேண்டும், அப்புறம் டாக்டர் சொல்கிற இடைவெளியில். பார்வை நன்றாகத் தெரிகிறதே என்பது கணக்கில்லை. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அதே சிறுநீரில் இருக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளோடு ஒப்பிட்டு 30ஐத் தாண்டினால் சிறுநீரகம் முதல் எச்சரிக்கை கொடுக்கிறது என்று அர்த்தம். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே இது தெரிந்துவிடும். விலையும் பெரிதில்லை, ஒரு சின்ன டப்பாவில் சிறுநீர், அவ்வளவுதான். ஆனாலும் நூறு சுகர் டெஸ்ட் சீட்டு வந்தால் இந்த டெஸ்ட் எழுதிய சீட்டு கொஞ்சம்தான் வருகிறது. டாக்டரிடம் நீங்களே கேட்கலாம்.

இன்னொரு கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. கர்ப்ப காலத்தில் மட்டும் சர்க்கரை வந்தவர்கள். 24 வாரத்திலிருந்து 28 வாரத்துக்குள் அந்த டெஸ்டைத் தவறாமல் எடுத்திருப்பார்கள், விரலை நாலு வேளை குத்தியிருப்பார்கள், வாய்க்கட்டு என்றால் அப்படி ஒரு வாய்க்கட்டு. குழந்தை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறை குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். அது நன்றாக வந்தாலும், ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். பிரசவ சமயத்தில் ரத்தம் போயிருப்பதால் அந்த நேரத்தில் ஏ1சியை நம்ப முடியாது, குளுக்கோஸ் டெஸ்டே எடுக்கச் சொல்லுங்கள்.

கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் லேபில் உட்காருவது லேசான காரியம் இல்லை, எனக்குத் தெரியும். அதனால்தான் பாதிப் பேர் வருவதில்லை என்று நினைக்கிறேன். வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், அந்தக் காலை நேரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள கணவரோ அம்மாவோ மாமியாரோ ஒருவர் கூட வாருங்கள். குளுக்கோஸ் குடித்த பிறகு அவர் நடமாடக் கூடாது. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடக்கிற வேலை உங்களுடையது.